நான் எடுத்த நாலு வரி

பத்து நாளைக்கு முன்னால் கீழ்க்கடையில் மிளகாய் மூட்டைகளைப் பிரித்துவிட்டார்கள். மாடிப்படி வழியே நெடி ஏறி வந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் என் மூக்குக்கு இன்னும் பழகவில்லை. வரிசையாகத் தும்மினேன். நீ இருந்திருந்தால் விரல் விட்டு எண்ணியிருப்பாய். "ஏழு, எட்டு, இரு புள்ள, இன்னொன்னு வருது" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் அதுவும் வந்துவிடும். அன்று எண்ண ஆளில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

என்ன வேலை என்று கேட்பாய். இரண்டாயிரம் பிறக்கப் போகிறதாம். நாம் எழுதிய பழைய புரோகிராம்கள் எல்லாம் வருஷத்துக்கு இரண்டே எண்தான் வைத்துக்கொள்ளும், அதனால் ஜனவரி முதல் தேதி குழம்பிவிடுமாம். ஊரெல்லாம் இதே பேச்சு. ஓனர் இரும்பு பீரோவைத் திறந்து பழைய ஃபிளாப்பிகளை ஒரு அட்டைப்பெட்டியோடு என் மேசையில் கவிழ்த்தார். அதில் ஒன்றின் மேல் உன் உருண்டைக் கையெழுத்து. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாம் எழுதியது.

திறந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது அந்த நாலு வரி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறி போட்டுவிட்டால் மிஷின் அந்த வரியைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். எழுதினது எழுதினபடி இருக்கும், ஆனால் திரையில் வராது. வரிகளை எழுதியது நீ. நட்சத்திரம் போட்டது நான்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதில் வராத கடிதம் எழுதுகிறோமே என்று ஒரு நிமிஷம் பேனாவை மூடி வைத்தேன். பிறகு நினைத்துக்கொண்டேன், நீ உயிரோடு இருந்தபோது கொள்ளேகாலிலிருந்து எத்தனை கடிதம் போட்டாய்? நான் எந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டேன்? இப்போது மட்டும் பதில் எதிர்பார்க்க எனக்கு என்ன நியாயம்?

ஐந்து பேர் இருந்த அந்த ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான். நீ கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாய். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். முதல் நாளே என் தமிழைக் கேட்டுவிட்டு மேசையில் கவிழ்ந்து சிரித்தாய். "நீ பேசறது தமிழா புள்ள? பாதிக்கு மேல கன்னடமா இருக்குது." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாகு டீ, போதும், உன் தமிழை மட்டும் யாருக்கு அர்த்தம் ஆகுது?" என்று திருப்பிக் கொடுத்தேன். அன்று மதியம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தப் பரிசோதனை நிலையத்துக்கு புரோகிராம் எழுத வேண்டும் என்று வந்தபோது நமக்கு என்ன பெருமை! அதுவரை வெறும் கடைப் பில்களாகப் போட்டுக்கொண்டிருந்தோம். இது மனுஷர்களின் ரத்தம், நோய், பெயர். பார்க்கக்கூடாதவர்கள் பார்க்கக்கூடாது என்பதால் பாஸ்வேர்ட் வைத்தோம். பதிவு மேசையில் ராஜம்மா அக்கா. நம்மைப் போலத் தமிழ். வீட்டுக்காரர் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார். சின்ன மகள் பெயர்தான் அவருடைய பாஸ்வேர்ட். அந்த எட்டு எழுத்தைத் தேடிக் குத்துவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அதோடு கரண்ட். அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? போனால் மிஷின் செத்துவிடும். வந்தால் மறுபடி முதலிலிருந்து பாஸ்வேர்ட். எதிரே வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வரிசை. பசியில் நிற்கிறவர்களுக்குப் பொறுமை ஏது? அக்காவைப் பிடித்துக் கத்துவார்கள். நிலையத்தை நடத்துகிற டாக்டர் நம் ஓனருக்குப் போன் போட்டார். ஓனர் நம்மிடம் வந்து, பாஸ்வேர்டை மிஷினே ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு வசதி செய்யுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

செய்தோம். எப்படிச் செய்தோம் என்பதுதான் வெட்கக்கேடு. ஒரு சின்ன ஃபைலில் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்தோம். திறந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். அதை யாருக்கும் புரியாதபடி மாற்றி வைக்க எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள் கற்றுக்கொள்ளவும் முடியாது.

"வெச்சது வெச்சாச்சு. ஆனா அவிங்ககிட்டச் சொல்லோணும்ல?" என்றாய்.

"எதை?"

"பூட்டத் தெரியலைன்னா, பூட்டலைன்னாச்சும் சொல்லோணும்."

அப்படித்தான் அந்த நாலு வரி வந்தது. அந்த வசதியை வைத்திருக்கிற மிஷினில், புரோகிராமைத் திறந்ததும் ஒரு பீப் சத்தத்தோடு கட்டம் ஒன்று வரும். ராஜம்மா அக்காவுக்கு இங்கிலீஷ் வாசகம் புரியாதே என்று, கன்னட வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாய். நிம்ம பாஸ்வேர்ட் இல்லி பீக இல்லதெ இதெ, யாரு பேக்காதரூ ஓதபஹுது. உங்கள் பாஸ்வேர்ட் இங்கே பூட்டில்லாமல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என்னையும் கூட உட்கார வைத்துக்கொண்டு, என்னிடமே கன்னடம் கேட்டுக் கேட்டு எழுதினாய்.

நான் அப்போதே முணுமுணுத்தேன். "தினம் தினம் இதையே காட்டினா எவ படிப்பா? பஸ்ல கையை வெளிய நீட்டாதேன்னு எழுதியிருக்கு. யாராவது படிக்கிறாங்களா?"

"படிக்காதவிங்க படிக்காம போவட்டும். என்னைக்காச்சும் ஒருத்திக்குப் படிக்கத் தோணும்ல, அன்னைக்கு அது அங்க இருக்கோணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்பதால்தான், ஒப்புக்கொண்டதால் இல்லை.

நிலையத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தது நான். வாடிக்கையாளர்களிடம் போய்வருகிற வேலை எப்போதும் என்னுடையது. எனக்குத்தான் வாய் அதிகம். ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னைக் காலையிலேயே வரச் சொன்னார். போனேன். அங்கே மிஷினைத் திறக்கிற முறையே தனி. டாக்டரே மானிட்டருக்குக் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தி, ஊதுபத்தி சுற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். கண்ணைத் திறந்தால் பீப் என்று கத்திக்கொண்டு உன் கட்டம். பூட்டில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

"நோடம்மா," என்றார் என்னிடம், பாவம், அழாத குறையாக. "காலையில் சாமி கும்பிட்டு உட்கார்ந்தால் முதல் வார்த்தையே இப்படியா? நாள் உருப்படுமா? நோயாளிகளும் எட்டிப் பார்க்கிறார்கள். இது பேட, வேண்டாம். ஏதாவது நல்லதாக வரட்டும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் உன் மேல்தான் எரிச்சல் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக அபசகுனம் மாதிரி எழுதி வைத்திருக்கிறாளே என்று. அங்கேயே உட்கார்ந்து நாலு வரிக்கும் நட்சத்திரம் போட்டேன். அதே இடத்தில், பூ வேலை செய்த ஒரு கட்டத்துக்குள் 'ஸ்ரீ சாமுண்டேஸ்வரி பிரசன்ன' என்று வரும்படி எழுதினேன். டாக்டருக்கு முகமெல்லாம் பல். ராஜம்மா அக்கா எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் காபி குடித்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. நீயாகத்தான் கண்டுபிடித்தாய், தசராவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. அப்படி ஒரு கோபத்தை உன்னிடம் நான் பார்த்ததில்லை. கத்தவில்லை. குரலை இறக்கிவிட்டாய்.

"சாமி பேர வெச்சு மறைச்சுட்டியே புள்ள."

"அய்யோ, விடு டீ. அவருதான் கேட்டாரு."

"அவரு கேட்டாரு. ராஜம்மாக்காவக் கேட்டியா? அவிங்க பாஸ்வேர்டுதான அது?"

தசரா கழியட்டும், ஆயுத பூஜை முடிந்ததும் திருப்பிப் போட்டுவிடுகிறேன் என்றேன். சத்தியம் பண்ணு என்றாய். பண்ணினேன். தசரா கழிந்தது. தீபாவளியும் கழிந்தது. எனக்கு நேரமில்லை என்று நீ நம்பினாய். நேரம் இருந்தது. டாக்டர் முகம் சுளிப்பாரே என்று தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்கு என்ன நோய் என்பதையும் எழுத மாட்டேன். ஒரு தடவை ஊரெல்லாம் தெரிந்தது போதும். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுடைய பரிசோதனைக் காகிதத்தின் பிரதி ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணம் நின்றது. அவளுடைய அப்பா அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவு மேசைக்கு வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடியதாம். காகிதத்தின் அடியில், அச்செடுத்தவர் பெயர் என்று நாம் எழுதின புரோகிராம் சரியாக அச்சடித்திருந்தது: ராஜம்மா.

நம் மூவரையும் டாக்டர் கூப்பிட்டார், ஓனர், நீ, நான். ராஜம்மா அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அழுது அழுது குரல் போய்விட்டிருந்தது. "என் பொண்ணுங்க மேல ஆணை சார், நான் எடுக்கல. அது மதியச் சாப்பாட்டு நேரம், நான் உள்ளே இருந்தேன்," என்று கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார். மதியம் மட்டும் வந்துபோகிற டெக்னீஷியன் ஒருவன் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு, அவன்தான் அந்தப் பாஸ்வேர்ட் ஃபைலைத் திறந்து படித்து அக்கா பெயரில் அச்செடுத்தவன் என்பதெல்லாம், அவன் சொல்லாமல் வேலையை விட்டு ஓடிய பிறகுதான் தெரிந்தது. அன்று அந்த அறையில் அக்கா ஒருவர்தான் குற்றவாளி.

நம் ஓனர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், எங்கள் புரோகிராம் தினமும் எச்சரிக்கை காட்டுகிறது டாக்டர், கன்னடத்திலேயே காட்டுகிறது, படித்துவிட்டும் அந்த வசதியை வைத்திருந்தால் அது இந்தம்மாவின் தப்பு என்று.

"எந்த எச்சரிக்கை? அம்மன் பேரு மட்டும்தான் சார் வரும்," என்றார் அக்கா.

மிஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். பூ வேலைக் கட்டத்துக்குள் சாமுண்டி வந்தாள்.

"யாரு தெகெதித்து?" என்றார் ஓனர் நம்மைத் திரும்பிப் பார்த்து. எடுத்தது யார்?

டாக்டர் என்னைப் பார்த்தார். எடுக்கச் சொன்னவர் அவர், எடுத்தவள் நான். அவர் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல நின்றேன். அப்பா வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது, என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்று காரணம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த நிமிஷம் நான் அப்பாவை நினைக்கவே இல்லை. பயந்தேன். வேறொன்றுமில்லை.

"நான்தான் சார் எடுத்தேன்," என்றாய் நீ. உன் உடைந்த கன்னடத்தில். "அக்கா மேல தப்பில்லை. பாஸ்வேர்ட் பூட்டில்லாம இருக்குதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. சொல்லாதது எங்க தப்பு."

ராஜம்மா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை தப்பியது. உன்னை ஓனர் அந்த வாரமே அனுப்பிவிட்டார்.

படியிறங்கும்போது உன் கையைப் பிடித்து, "ஏன் டீ அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது பார்.

"நீ சொல்வேன்னு பாத்தேன். சொல்லல. அந்தக்கா அழுதுட்டு நிக்கறாங்க, எத்தன நேரந்தான் பாத்துட்டு நிக்கறது?"

உன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளே போய் நிலையத்து மிஷினில் நாலு வரியையும் திருப்பிப் போட்டேன்; ஆபீஸ் ஃபிளாப்பியில் மட்டும் நட்சத்திரங்கள் அப்படியே கிடந்துவிட்டன. அந்த வசதியையும் அக்கா தானே எடுத்துவிட்டார்; ஒற்றை விரலால் மறுபடி எட்டு எழுத்தைக் குத்த ஆரம்பித்தார். நீ கொள்ளேகாலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் சொல்லித்தரச் சேர்ந்திருப்பதாகக் கடிதம் போட்டாய். தினமும் கௌதள்ளியிலிருந்து பஸ்.

பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்தோம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சொந்தக்காரர்களோடு வருகிறேன், வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தாய். பஸ் ஏறும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். ஆற்றுப் படியில் உட்கார்ந்தோம். நீ இளைத்திருந்தாய். வழக்கம்போல என் தமிழைக் கிண்டல் செய்தாய். ராஜம்மாக்கா வேலைக்குப் போகிறாரா என்று கேட்டாய். "அந்த வரிய மறுக்காப் போட்டுட்டியா?" என்று கேட்டாய். போட்டுவிட்டேன் என்றதும், "அது போதும் புள்ள" என்று என் தோளில் தட்டினாய். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "என்ன சொல்வாங்க?" என்று தண்ணீரைப் பார்த்தாய். மேற்கொண்டு கேட்கவில்லை நான். கேட்டால் என்ன வருமோ என்ற பயம். உன் பஸ் போகும்வரை கையாட்டிவிட்டு, மனப்பாடம் செய்ததை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மஞ்சள் காமாலை என்று உன் அண்ணன் கார்டு போட்டிருந்தார். கார்டு என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து பதினோரு நாள். கௌதள்ளிக்கு முதல் தடவையாக வந்தேன், நீ இல்லாத வீட்டுக்கு. உன் அப்பா முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைசூரு புள்ளயா நீ? உன்னப் பத்தித்தான் எப்பவும் பேசுவா," என்று அழுதார். பிறகு சொன்னார், "என்ற புள்ள சின்ன வயசிலிருந்தே எதையும் பாத்துப் பாத்துப் பண்றவ கண்ணு. வேலையில மட்டும் எப்படித் தப்புப் பண்ணினாளோ, இன்ன வரைக்கும் எனக்கு வெளங்கல."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. துக்க வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் எவ்வளவு நல்ல சமாதானம் சொல்வேன் என்று உனக்குத்தான் தெரியுமே.

போன வாரம் ஆபீசில் ஒரு பேச்சு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள், பாஸ்வேர்டை ஞாபகம் வைக்கிற வசதிக்கு எச்சரிக்கை எதற்கு, வாடிக்கையாளர் பயந்துவிடுவார், எப்படியும் யாரும் படிப்பதில்லை என்றார்கள். நான் அன்று சொன்ன அதே வார்த்தைகள். அவர்களிடம் கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை வேண்டும் என்று பேசுகிறவள், சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் போய்ச் சொன்னேனா?

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

உன் அம்மாவை உட்கார வைத்து, குங்குமம், ஊதுபத்தி, நாலு வரி, தசரா, அந்த அறை, எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் புரிய வேண்டியது புரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத அவ இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கலாமே கண்ணு. தப்புப் பண்ணி மானத்த வாங்கிட்டு வந்துட்டான்னு அவிங்கப்பன் அவகூடப் பேசறதயே உட்டுட்டாரு. சாகற வரைக்கும் பேசல."

எனக்கு இது தெரியாது. நீ சொல்லவே இல்லை. ஆற்றங்கரையில் நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ?

கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். எழுந்து வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நெசமா அம்மிணி? என்ற புள்ள எடுக்கலையா?"

"இல்லீங்கப்பா. எடுத்தது நான். அவ அந்த அக்காவைக் காப்பாத்த, தன் மேல போட்டுக்கிட்டா."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காது சரியாகக் கேட்காதவர் போல இன்னும் நெருங்கி உட்கார்ந்து, மறுபடியும் "இன்னொருக்கா" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.